சிரிப்பு உண்டு... செல்ஃபி இல்லை!

பாஸ், ஒரு சின்னக் கேள்வி. கடைசியா நீங்க எப்போ வாய்விட்டுச் சிரிச்சீங்க? மொபைலைப் பார்த்து மூக்கால 'ஹ்ம்'னு காத்து விடுறதெல்லாம் கணக்குல சேராது. பக்கத்து ஸீட்டுல இருக்கிற, முன்னே பின்னே தெரியாத ஒரு மாமாவோட தொடையில தட்டிட்டு, ரெண்டு பேருமாச் சேர்ந்து கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிறது... அந்தச் சிரிப்பு!

'ஞாபகமே இல்லையே'ன்னு தலையைச் சொறியறீங்களா? கவலையை விடுங்க. நானும் போன மாசம் வரைக்கும் உங்க கட்சிதான்.

ஐயாவுக்கு அருப்புக்கோட்டை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். காலேஜ் இருக்கிறது சென்னைன்னு ஊர்ல சொல்லிக்கிட்டாலும், உண்மையில ஓ.எம்.ஆர்.ல ரொம்ப தூரம் தள்ளி, காக்கா கூட டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டு வர்ற இடம். சென்னைக்குக் கிளம்பினப்போ நண்பர்கள் எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'உனக்கென்னடா, தெருவுக்குத் தெரு ஸ்டாரைப் பார்ப்பே'ன்னாங்க. ரெண்டு வருஷமா நான் பார்த்த ஸ்டார்ஸ் எல்லாரும் ஃப்ளெக்ஸ் பேனர்லதான் இருந்தாங்க. சிரிப்பு? ஹாஸ்டல் சாம்பாரைப் பார்த்து வந்தாத்தான் உண்டு.

இந்த நிலைமையில பத்திரிகையில இன்டெர்னா சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் கூப்பிட்டார். ''சென்னையில நேர்ல உக்காந்து சிரிக்க எங்கெங்கே போகலாம், பிரபலங்களை எங்கே பார்க்கலாம்... ஒரு மாசம் சுத்திட்டு வந்து எழுது. ஆட்டோ காசு மட்டும் கேக்காதே!''

ஸோ, பறக்கும் ரயிலும் மாநகரப் பேருந்துமா சுத்தின கதை இது. நடுவுல ஒரு தடவை செருப்பு போச்சு, ஒரு தடவை மானம் போச்சு. வாங்க, வரிசையா சொல்றேன்.

மாமாக்கள் நடுவே ஒரு மாணவன்

முதல் ஸ்டாப், சபா நாடகம். 'நாடகமா, அது தாத்தா பாட்டி சமாசாரமாச்சே'ன்னு நீங்க கொட்டாவி விடுறது தெரியுது. நானும் விட்டேன். திருவான்மியூர்ல பறக்கும் ரயில் ஏறி திருமயிலையில இறங்கி, மயிலாப்பூர் சபா ஒண்ணுக்குள்ளே நுழைஞ்சா... அரங்கத்துலேயே டை அடிக்காத கறுப்பு முடி என்னோடது மட்டும்தான்! பக்கத்து ஸீட் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ''தம்பி, யாரைத் தேடறேள்?''னு கேட்டார். ''நாடகம் பார்க்க வந்தேன் ஸார்''ன்னதும் மனுஷன் முகத்துல அப்படி ஒரு ஆச்சரியம். மாமிகிட்டே திரும்பி, ''பாரு, இந்தப் பையன் தானா வந்திருக்கான்!''ன்னு என்னை அறிமுகமே பண்ணி வெச்சுட்டார்.

திரை விலகிச்சு. ஒரு சோபா, ஒரு டெலிபோன், ரெண்டு கதவு. அவ்ளோதான் செட். ஆனா பத்தே நிமிஷத்துல எனக்குப் புரிஞ்சது, இது வேற லெவல் வேலைன்னு. ஒருத்தர் ஒரு வார்த்தையைச் சொல்றார், இன்னொருத்தர் அதைத் தப்பா எடுத்துக்கிறார், அந்தத் தப்பை நம்பி மூணாவது ஆள் ஒரு பொய் சொல்றார், அந்தப் பொய்யைக் காப்பாத்த நாலாவது ஆள் அலமாரிக்குள்ளே ஒளியறார். நம்ம மெஷின்ல ஒரு பல்சக்கரம் அடுத்ததைத் தள்ளுற மாதிரியே ஒரு சிரிப்பு அடுத்த சிரிப்பைத் தள்ளிக்கிட்டே போகுது.

இதுல இன்னொரு விஷயம் கவனிச்சேன். ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சதும் மேடையில இருக்கிறவர் அடுத்த வசனத்தை வாயிலேயே பிடிச்சு வெச்சுக்கிறார். சிரிப்பு அலை மேலே போய், இறங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில சட்டுன்னு அடுத்ததை எடுத்து விடுறார். சீக்கிரம் விட்டா வசனம் சிரிப்புல முங்கிடும், லேட்டா விட்டா சூடு ஆறிடும். சினிமாவுல இதை எடிட்டிங் டேபிள்ல வெட்டி ஒட்டிக்கலாம். இங்கே எல்லாம் லைவ்! அதனாலதான் ஒரே நாடகத்தை நூறு தடவை போட்டாலும் நூறு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுது.

இடைவேளையில போண்டாவைக் கடிச்சுக்கிட்டே மாமா இதோட பொருளாதாரத்தையும் விளக்கினார். சபாவுல உறுப்பினர்கள் சந்தா கட்டுவாங்க. அந்தப் பணத்துல சபா மாசாமாசம் கச்சேரி, நாடகம்னு ஏற்பாடு பண்ணும். நடிக்கிறவங்க பெரும்பாலும் பகல்ல பேங்க், இன்ஷூரன்ஸ், ஐ.டி.ன்னு வேலை பார்க்கிறவங்க. சாயங்காலம் ஒத்திகை, சனி ஞாயிறு மேடை. 'அமெச்சூர் குழு'ன்னு பேரே தவிர, டைமிங்ல ஒரு குறை சொல்ல முடியாது.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சது 1891-ல. அவரோட 'சபாபதி' நாடகம்தான் 1941-ல படமா வந்து இன்னிக்கும் டி.வி.யில சக்கைப்போடு போடுது. 1952-ல ஒய்.ஜி.பார்த்தசாரதி யு.ஏ.ஏ. குழுவைத் தொடங்கினார். சோ 1968-ல 'முகமது பின் துக்ளக்' போட்டு ஆட்சியில இருந்தவங்களையே மேடையில கலாய்ச்சார். வக்கீலுக்குப் படிச்ச மனுஷன், அதான் அந்தத் தைரியம்!

எல்லாம் இன்ஜினீயருங்க பண்ற வேலை!

இப்போ காலரைத் தூக்கி விட்டுக்கோங்க. கிரேஸி மோகன் யாருன்னு நெனைச்சீங்க? கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவர். நம்ம ஆளு! படிக்கும்போதே 1972-ல காலேஜ் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி'ன்னு ஒரு நாடகம் எழுதினார். அப்புறம் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே எஸ்.வி.சேகரோட நாடகப்ரியா குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தோட தலைப்புல இருந்த 'கிரேஸி' அவர் பேருக்கு முன்னாடி வந்து ஒட்டிக்கிச்சு, கடைசி வரைக்கும் இறங்கவே இல்லை. 1979-ல சொந்தமா 'கிரேஸி கிரியேஷன்ஸ்'. அப்புறம் 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி', 'பஞ்சதந்திரம்'னு கமலோட சேர்ந்து அடிச்ச லூட்டி உங்களுக்கே மனப்பாடமா இருக்கும்.

அவர் நாடகங்கள்ல ஹீரோயின் பேரு எப்பவும் 'ஜானகி'. ஏன் தெரியுமா? ஸ்கூல்ல அவரை முதன்முதலா மேடை ஏத்தின டீச்சரோட பேரு அது. குருதட்சணையை இப்படியும் கொடுக்கலாம் பாருங்க! 2019 ஜூன் 10-ம் தேதி அவர் இறந்துபோனார். அதுக்கப்புறமும் தம்பி மாது பாலாஜி மேடையை விடலை. 'மாது'வா அவர் வந்து நின்னாலே கைதட்டல்தான்.

சிவகார்த்திகேயன்? திருச்சியில இன்ஜினீயரிங் படிச்சு, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல மிமிக்ரி பண்ணி, விஜய் டி.வி. 'கலக்கப் போவது யாரு' மேடையில ஜெயிச்சு, அப்புறம் 2012-ல 'மெரினா'வுல ஹீரோ ஆனவர். அலெக்ஸாண்டர் பாபு? அமெரிக்காவுல சாஃப்ட்வேர் வேலையில இருந்துட்டு வந்து, ஆர்மோனியமும் கையுமா சினிமாப் பாட்டை வெச்சே ஒரு முழு ஷோ பண்ணி, 2019-ல 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' மூலமா வீடு வீடாப் போய்ச் சேர்ந்தவர். ஆக, பாஸ்... கேம்பஸ் இன்டர்வியூல கை விட்டாலும் மைக் கை விடாதுன்னு ஒரு நம்பிக்கை.

(இந்தப் பத்தியைக் கிழிச்சு அப்பா கண்ணுல படுற இடத்துல ஒட்டாதீங்க. நான் பொறுப்பில்லை!)

முந்நூறு செகண்ட்... மூணு சிரிப்பு!

ரெண்டாவது ஸ்டாப், ஸ்டாண்ட்-அப். சென்னையில இது முதல்ல இங்கிலீஷ்லதான் சூடு பிடிச்சது. 2003-ல கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் ஆரம்பிச்ச 'எவம்' முதல்ல நாடகம் போட்டு, அப்புறம் ஸ்டாண்ட்-அப் பக்கம் வந்தது. நான் முதல்ல போனதும் ஒரு இங்கிலீஷ் ஷோதான். எல்லாரும் சிரிச்சு ரெண்டு செகண்ட் கழிச்சு நான் சிரிப்பேன். மனசுக்குள்ளே டிரான்ஸ்லேஷன் ஆகி வரணுமே! தமிழ் மீடியம் பசங்களுக்கு இந்த வலி தெரியும்.

அப்புறம்தான் தமிழ் ஷோக்கள். பிரவீன் குமார் குடும்பக் கதை பேசினா, அது நம்ம வீட்டு ஹால்ல நடந்த மாதிரியே இருக்கு. 2020-ல அமேசான் பிரைம்ல வந்த 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' நிகழ்ச்சிக்கு அப்புறம் தமிழ்ல மைக் பிடிக்கணும்னு ஆசைப்படுற கூட்டம் இன்னும் அதிகமாயிடுச்சு.

அந்தக் கூட்டத்துக்குப் பட்டறை எதுன்னா 'ஓப்பன் மைக்'. ஏதாவது ஒரு காபி ஷாப்போட மாடி. முப்பது பிளாஸ்டிக் சேர். ஒரு மைக். முன்னாடியே பேரு கொடுத்தா அஞ்சு நிமிஷம் உங்களுக்கு. நாலாவது நிமிஷம் பின்னாடி இருந்து மொபைல் டார்ச் அடிப்பாங்க, 'முடிச்சுக்கோ'ன்னு அர்த்தம். பெரிய காமெடியன்களும் புது ஜோக்கை உரசிப் பார்க்க இங்கே வருவாங்க. பத்து ஜோக் சொன்னா ரெண்டு தேறும். அந்த ரெண்டை எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் இன்னொரு மாடி. இப்படித் தேத்தித் தேத்தி ஒரு மணி நேர ஷோ வர்றதுக்குள்ளே வருஷம் ஓடிடும். அதனாலதான் அங்கே வீடியோ எடுத்தா கோபப்படுறாங்க. ஒரு ஜோக் வெளியே போயிட்டா அப்புறம் அது செத்த பாம்பு.

எல்லாரையும் வேடிக்கை பார்த்த எனக்கு விதி சும்மா இருக்குமா? ''நீயும் ஒரு தடவை ஏறு மச்சி, அப்பத்தான் கட்டுரை நல்லா வரும்''னு ரூம்மேட் உசுப்பேத்தி விட்டான். பேரு கொடுத்துட்டேன்!

முதல் நிமிஷம், ஹாஸ்டல் சாம்பார் ஜோக். மயான அமைதி. ரெண்டாவது நிமிஷம், ஓ.எம்.ஆர். டிராஃபிக் ஜோக். யாரோ ஸ்பூனைக் கீழே போட்டாங்க, அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. மூணாவது நிமிஷம், வாத்தியார் மிமிக்ரி. முன் வரிசையில ஒரு அக்கா என்னைப் பார்த்த பார்வையில பரிதாபம் வழிஞ்சது. நாக்கு ஒட்டிக்கிச்சு. எழுதி வெச்சிருந்தது எல்லாம் மறந்துபோச்சு. என்ன பேசறதுன்னு தெரியாம, வாயில வந்த உண்மையைச் சொல்லிட்டேன்.

''எனக்கு மூணு அரியர் இருக்குங்க. தெர்மோடைனமிக்ஸ்ல மட்டும் ரெண்டாவது தடவை. எங்கப்பா ஊர்ல எல்லார்கிட்டேயும் 'எம் மகன் ஆல் க்ளியர்'னு சொல்லிக்கிட்டு இருக்கார். அவர்கிட்டே நான் இன்னும் சொல்லலை. உங்ககிட்டே சொல்லிட்டேன். உங்கள்ல யாருக்காவது அருப்புக்கோட்டையில சொந்தக்காரங்க இருந்தா தயவுசெஞ்சு...''

அவ்ளோதான். சேர் ஆடுற மாதிரி சிரிப்பு! டார்ச் அடிச்சாங்க, இறங்கிட்டேன். கால் மட்டும் கடைசி பஸ் வரைக்கும் நடுங்கிக்கிட்டே இருந்தது. ரூம்மேட், ''கலக்கிட்டே மச்சி''ன்னான். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஸ்டார் வேட்டை!

சரி, சீரியஸா போயிடாம ஸ்டார் வேட்டைக்கு வருவோம். சென்னையில பிரபலங்களைப் பார்க்கணும்னா இடமும் நேரமும் முக்கியம்.

விடியற்காலையில எழுந்திரிக்கிற பழக்கம் இருந்தா மெரினா, பெசன்ட் நகர் பீச், நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கம் போங்க. மேக்கப் இல்லாம, தொப்பி போட்டுக்கிட்டு வேக வேகமா நடக்கிற மனுஷங்கள்ல சில முகம் 'எங்கேயோ பார்த்திருக்கோமே'ன்னு தோணும். பண்டிகை நாட்கள்ல போயஸ் கார்டன்ல ரஜினி வீட்டு வாசல்ல ரசிகர்கள் காத்திருப்பாங்க. அவர் வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டு, கையசைச்சுட்டுப் போறது வழக்கம். டிசம்பர் 12 பிறந்தநாள் அன்னிக்கு அவர் ஊர்ல இல்லைன்னாலும் அந்தத் தெருவுல கூட்டம் இருக்கும்.

முதல் நாள் முதல் காட்சிக்கு கோயம்பேடு ரோகிணி, குரோம்பேட்டை வெற்றி, அசோக் நகர் காசி. படத்துல நடிச்சவங்களே ரசிகர்களோட உக்காந்து பார்க்க வருவாங்க. ஆனா ராத்திரி ஒரு மணி ஷோ, விடியக்காலை நாலு மணி ஷோ எல்லாம் பழைய கதை. 2023-ல வந்த 'லியோ'வுக்கே தமிழ்நாட்டுல முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அசோக் நகர் உதயம் தியேட்டரைத் தேடிப் போயிடாதீங்க, அது 2024-ல மூடியாச்சு.

சாலிகிராமம், வளசரவாக்கம் டீக்கடைகள் தனி உலகம். ஹீரோ கிடைக்க மாட்டார். ஆனா பத்து வருஷமா கதையைச் சுமந்துக்கிட்டு அலையற உதவி இயக்குநர்கள், நூறு படத்துல வந்தும் பேரு தெரியாத துணை நடிகர்கள்னு எல்லாரும் ஒரே பெஞ்சுல கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒரு டீக்கு ஒரு கதை இலவசம்.

என்னைக் கேட்டா, பெஸ்ட் ஸ்பாட் இது எதுவுமே இல்லை. டிசம்பர் சென்னை திரைப்பட விழா, மார்கழி சபா கேன்டீன், ஜனவரியில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல நடக்கிற புத்தகக் காட்சி. இங்கே அவங்க வேடிக்கைப் பொருளா வர்றதில்லை. உங்களை மாதிரியே படம் பார்க்க, தோசை சாப்பிட, புத்தகம் வாங்க வர்றாங்க. பேசினா பேசுவாங்க. ஓடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.

செருப்பு போன கதை

துரத்தினா என்ன ஆகும்? சொல்றேன்.

ஒரு மால்ல பட புரமோஷன். ஹீரோ வர்றார்னு கேள்விப்பட்டு நானும் ரூம்மேட்டும் நாலு மணிக்கே ஆஜர். வர்றதாச் சொன்ன நேரம் அஞ்சு. ஆறாச்சு, ஏழாச்சு. கூட்டம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ஏழரை மணிக்கு 'வந்துட்டார்'னு யாரோ கத்தினாங்க. அவ்ளோதான். என் கால் தரையில இல்லை. நான் நடக்கலை, கூட்டம் என்னை எடுத்துக்கிட்டுப் போகுது. கையை மடக்கி நெஞ்சுக்கிட்டே வெச்சிருந்தேன், அதைக் கீழே இறக்க முடியலை. முழுசா மூச்சு இழுக்க முடியலை. பக்கத்துல யூனிஃபார்ம்ல ஒரு ஸ்கூல் பொண்ணு. அது கண்ணாடி கீழே விழுந்துருச்சு. எடுக்கக் குனியப் பார்த்துச்சு. ''குனியாதேம்மா, குனியாதே!''ன்னு ஒரு அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதுல கேக்குது. ரெண்டு மூணு பேர் சேர்ந்து அந்தப் பொண்ணைச் சுவரோரமா இழுத்து நிறுத்தினாங்க.

நாலு நிமிஷத்துல ஹீரோ போயிட்டார். எனக்குத் தெரிஞ்சது அவரோட தலைமுடி மட்டும். ஒரு கால் செருப்போட ஹாஸ்டலுக்கு வந்தோம். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தோம்தான். ராத்திரி படுத்தப்புறம் ரெண்டு பேருமே தூங்கலை.

ஏன்னா எங்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் 4, ஹைதராபாத்ல 'புஷ்பா 2' சிறப்புக் காட்சிக்கு ஹீரோ வந்தப்போ நெரிசல்ல ஒரு அம்மா இறந்துபோனாங்க. அவங்க மகன் உயிருக்குப் போராடினான். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துல 11 பேர். அதே வருஷம் செப்டம்பர் 27, கரூர்ல விஜய்யோட அரசியல் கூட்டத்துல 41 பேர், அதுல குழந்தைகளும் உண்டு. தப்பு யார் மேலேன்னு விசாரிக்கிறவங்க விசாரிக்கட்டும். நான் சொல்றது நமக்கு மட்டும். அன்னிக்குப் போனவங்க யாரும் சாகப் போகலை பாஸ். என்னை மாதிரியே, உங்களை மாதிரியே, ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வரலாம்னுதான் போனாங்க.

மருந்துக் கடையில் ஒரு மனிதர்

வேட்டையையே விட்டுட்ட பிறகு ஒரு ஸ்டார் தானா வந்து மாட்டினார். வடபழனியில ஒரு மருந்துக் கடை. ராத்திரி ஒன்பதரை இருக்கும். ரூம்மேட்டுக்கு ஜுரம், மாத்திரை வாங்கப் போனேன். எனக்கு முன்னாடி லுங்கி கட்டிக்கிட்டு ஒருத்தர். திரும்பினார். என் சின்ன வயசுல நான் அதிகமாப் பார்த்துச் சிரிச்ச முகம்! பேரு சொல்ல மாட்டேன்.

கை தானா பாக்கெட்டுக்குள்ளே போயி மொபைலை எடுத்துருச்சு. அவர் அதைப் பார்த்துட்டார். ஒண்ணும் சொல்லலை. கையில இருந்த டாக்டர் சீட்டை மட்டும் மெதுவா மடிச்சு உள்ளங்கையில மறைச்சுக்கிட்டார். கவுன்ட்டர்ல கடைக்காரர் எடுத்து வெச்சிருந்த மருந்துப் பெட்டியெல்லாம் பெரிசு பெரிசா இருந்தது. வீட்டுல யாருக்கோ உடம்பு ரொம்ப முடியலைன்னு பார்த்தாலே புரிஞ்சது.

மொபைலைப் பாக்கெட்ல போட்டுட்டேன்.

அவர் சிரிச்சார். ''எந்த ஊரு தம்பி?''ன்னார். சொன்னேன். ''படிக்கிறீங்களா?''ன்னார். ''மெக்கானிக்கல் ஸார்''ன்னேன். அடுத்த நொடி, அதே முகம், சினிமாவுல பார்த்த அதே டைமிங்... ''எத்தனை அரியர்?''

கடைக்காரரும் நானும் வெடிச்சுச் சிரிச்சோம். அவர் மருந்துப் பையை எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டார். போட்டோ இல்லை, ஆட்டோகிராஃப் இல்லை. ஹாஸ்டல்ல சொன்னா எவனும் நம்பலை. பரவாயில்லை. அந்த நேரத்துலேயும் எதிர்ல நிக்கிற ஒரு சின்னப் பையனைச் சிரிக்க வெச்சு அனுப்பினார் பாருங்க, அதுக்கு என்கிட்டே ப்ரூஃப் தேவையில்லை.

கையில வெச்சுக்கோங்க!

* ஏப்ரல், மே மாசத்துல கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடக்கும். புது நாடகங்களை வரிசையா பார்க்கலாம். மத்த மாசங்கள்ல நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் சபாக்கள்னு தினசரியில 'இன்றைய நிகழ்ச்சி' பகுதியைப் பாருங்க.

* பர்ஸ் இளைச்சிருந்தா ஓப்பன் மைக் போங்க. பெரிய ஷோவை விடச் செலவு ரொம்பக் கம்மி. மொக்கை ஜோக்குக்கும் ஒரு கைதட்டல் போடுங்க. அடிபட்டவன் சொல்றேன், அது உசுரு மாதிரி.

* காமெடி ஷோவுல முன் வரிசையில உக்காந்தா உங்களை வெச்சு ஓட்டுவாங்க. ரோஷக்காரங்க நாலாவது வரிசைக்கு அப்பீட்டு ஆகிடுங்க.

* ஊர்ப் பக்கம் இருக்கிறவங்க ஏங்க வேண்டாம். எங்க ஊர் பங்குனிப் பொங்கல்ல போடுற பட்டிமன்றம் மட்டும் என்னவாம்? சாலமன் பாப்பையா, லியோனி எல்லாம் ஸ்டாண்ட்-அப் இல்லையா? என்ன, உக்காந்து ஆரம்பிப்பாங்க! கலைவாணரே வில்லுப்பாட்டு மேடையில இருந்து வந்தவர்தானே?

* கூட்டத்துல மாட்டினா குனியாதீங்க. கையை நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி மூச்சுக்கு இடம் வெச்சுக்கோங்க. எதிர்த்துத் தள்ளாம, கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு நகருங்க. கீழே விழுந்தது செருப்போ செல்போனோ, விட்டுடுங்க.

* குடும்பத்தோட சாப்பிடுற இடம், ஆஸ்பத்திரி, கோயில், துக்க வீடு. இங்கே யாரைப் பார்த்தாலும் மொபைல் பாக்கெட்லயே இருக்கட்டும்.

கடைசியா அந்த விஷயம்

ஓப்பன் மைக் முடிஞ்சு எனக்கு ஏன் என்னவோ மாதிரி இருந்ததுன்னு சொல்றேன்னேன் இல்லையா? முன்னே பின்னே தெரியாத முப்பது பேருக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் எங்கப்பாவுக்குத் தெரியாது. அவரை வெச்சு நான் கைதட்டல் வாங்கிட்டேன். அவர் மட்டும் அந்தச் சிரிப்புல இல்லை.

மருந்துக் கடையில இருந்து வந்த அன்னிக்கு ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன்.

''அப்பா... அரியர் இருக்குப்பா.''

''எத்தனை?''

''மூணு.''

அமைதி. ஓப்பன் மைக்ல பார்த்த அமைதியெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா. ஸ்பூன் விழுற சத்தம் கூட இல்லை. அப்பா தொண்டையைக் கனைச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ''முன்னமே சொல்லியிருக்கலாம்ல... சரி விடு, எழுதிக்கலாம். நானே பத்தாங்கிளாஸ் கணக்கை ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணேன். இது உங்கம்மாவுக்குத் தெரியாது, சொல்லிக்கிட்டுத் திரியாதே''ன்னார்.

பின்னாடி அடுப்படியில இருந்து அம்மா குரல் கேட்டது.

''ரெண்டாவது இல்லைங்க, மூணாவது!''

அப்பா சிரிச்சுட்டார். அம்மா சிரிச்சாங்க. இங்கே ஹாஸ்டல் வராந்தாவுல நான் தனியா நின்னு சிரிச்ச சிரிப்புல, ஜுரத்துல கிடந்த ரூம்மேட் எழுந்து வந்து 'என்னடா ஆச்சு'ன்னு பார்த்தான்.

ஒரு மாசமா ஊரெல்லாம் சுத்தி எத்தனையோ மேடையைப் பார்த்துட்டேன் பாஸ். எங்கம்மா டைமிங் மாதிரி வராது!